98 காட்டுகிறது... ஆனாலும் எழுந்து நடக்க முடியவில்லை!

குளித்துவிட்டு வந்து தலை துவட்டக் கையைத் தூக்க முடியவில்லை. ஒரு மாடி ஏறினால் உட்கார இடம் தேடுகிறது உடம்பு. இரவு முழுக்கப் படுத்து எழுந்தாலும் அடித்துப் போட்டதுபோல வலி. விரலில் பல்ஸ் ஆக்ஸிமீட்டரை மாட்டிப் பார்த்தால் 98. "ஆக்சிஜன்லாம் நல்லாத்தானே இருக்கு, சும்மா படுத்தே கிடக்காத" என்கிறார்கள் வீட்டில். மருத்துவமனையிலும் பல நேரம் இதே பதில்தான், வார்த்தை மட்டும் கொஞ்சம் மரியாதையாக இருக்கும்.

லூபஸ், ஸ்கிளிரோடெர்மா, ஷோக்ரன், எய்லர்ஸ்-டான்லோஸ், மார்ஃபான் என்று பெயர்கள் வேறு வேறு. இணைப்புத் திசு நோய்களோடு வாழ்கிறவர்களிடம் எது அதிகம் படுத்துகிறது என்று கேட்டால், மூட்டு வலிக்கு முன்னால் பலர் சொல்வது இந்த அசதியைத்தான். தோல், மூட்டு, ரத்தக்குழாய், நுரையீரல் எல்லாவற்றையும் இழுத்துப் பிடித்து வைத்திருப்பதுதான் இணைப்புத் திசு. அதில் கோளாறு வந்தால் உடம்பில் ஓரிடத்தோடு நிற்காது. சிலருக்கு அது பிறவியிலேயே மரபணுவில் வருகிறது, எய்லர்ஸ்-டான்லோஸ், மார்ஃபான் போல. லூபஸ், ஸ்கிளிரோடெர்மா போன்றவற்றில் உடம்பின் எதிர்ப்பு சக்தியே தன் திசுவைத் தாக்குகிறது. இரண்டு வகையிலும் சோர்வு பொது.

2021-இல் கொரோனா இரண்டாம் அலை வந்தபோது தமிழ்நாட்டில் பல வீடுகள் கடன் வாங்கியாவது ஒரு ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் வாங்கி வைத்தன. அந்தக் கருவிகள் இன்னும் பல வீட்டு மூலைகளில் இருக்கின்றன. மூச்சு என்றாலே ஆக்சிஜன், சோர்வு என்றாலும் ஆக்சிஜன் என்று மனதில் பதிந்துவிட்டது. 'ஒரு மணி நேரம் மாட்டிக்கிட்டா தெம்பா இருக்காதா?' என்று தோன்றுவது இயல்பு. பெருநகரங்களில் உயர் அழுத்த ஆக்சிஜன் அறைகளும் வந்துவிட்டன. நாள்பட்ட சோர்வுக்கு அங்கே வரச் சொல்லி அழைக்கும் விளம்பரங்களும் கண்ணில் படுகின்றன.

ஆக்சிஜன் இந்தச் சோர்வைத் தீர்க்குமா? சிலருக்கு வாழ்க்கையையே மாற்றும். பெரும்பாலானோருக்கு ஒன்றும் செய்யாது. யார் எந்தப் பக்கம் என்பதை விரலில் தெரியும் அந்த ஒற்றை எண் சொல்லாது.

ரத்தம் போடும் கணக்கு

ஹீமோகுளோபினை டவுன் பஸ் என்று வைத்துக்கொள்வோம். 100 இருக்கையில் 98 நிரம்பித்தான் நுரையீரலை விட்டுக் கிளம்புகிறது. நிறுத்தத்தில் இன்னும் ஆயிரம் பேரைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் ஏறப்போவது இருவர்தான். ஊருக்குள் ஆட்கள் போய்ச் சேரவில்லை என்றால், பஸ்ஸே குறைவா, வழியில் அடைப்பா என்று பார்க்க வேண்டும்.

எண்ணிக்கையிலும் இதைப் பார்த்துவிடலாம். ஒரு கிராம் ஹீமோகுளோபின் சுமார் 1.34 மி.லி. ஆக்சிஜனைச் சுமக்கும். ஹீமோகுளோபின் 14 உள்ளவரின் 100 மி.லி. ரத்தத்தில் 18 மி.லி.க்கு மேல் ஆக்சிஜன் இருக்கும். ஹீமோகுளோபின் 8 உள்ளவருக்குப் பத்தரைதான். ஆனால் இருவர் விரலிலும் கருவி 98 என்றே காட்டும், ஏனென்றால் இருக்கிற ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்பதை மட்டும்தான் அது அளக்கிறது. 8 உள்ளவருக்கு மூக்குக் குழாயில் ஆக்சிஜன் கொடுத்தால் கூடுதலாகக் கிடைப்பது சுமார் அரை மி.லி. ரத்தசோகையைச் சரிசெய்து 11-க்குக் கொண்டுவந்தால் கிடைப்பது நான்கு மி.லி.

தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்றில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருப்பது தெரியவந்தது. லூபஸ் அதிகம் வருவதும் இதே வயதுப் பெண்களுக்குத்தான். அவர்களுக்கு நோயே ரத்த உற்பத்தியைக் குறைக்கும், சில நேரம் சிவப்பணுக்களை உடைத்தும் போடும். ஆகவே இரும்புச்சத்து மாத்திரை மட்டும் எல்லோருக்கும் போதாது, எந்த வகை ரத்தசோகை என்று பார்த்தாக வேண்டும். சோர்வு என்று வருகிற பெண்ணுக்கு அந்த ஒரு ரத்தப் பரிசோதனையைச் செய்யாமல் ஆக்சிஜனைப் பற்றிப் பேசுவது வீண்.

ரத்தத்தில் ஆக்சிஜன் குறையாதவர்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. 2010-இல் லான்செட் இதழில் வெளிவந்தது. தீராத மூச்சுத்திணறலோடு வாழ்ந்த 239 பேரில் ஒரு பாதிக்குக் கருவி வழியே ஆக்சிஜனும், மறு பாதிக்கு அதே போன்ற கருவி வழியே சாதாரண அறைக் காற்றும் ஏழு நாள் கொடுத்தார்கள். யாருக்கு எது என்று அவர்களுக்குத் தெரியாது. இரு பிரிவினருக்கும் கொஞ்சம் சுகம் தெரிந்தது, ஆனால் இரண்டுக்கும் இடையே வித்தியாசம் இல்லை. மூக்கில் காற்று பாய்வதே ஒரு ஆறுதல்தான். அதே ஆண்டு வந்த இன்னொரு சிறு ஆய்வில், முகத்துக்கு நேரே சிறு கைமின்விசிறியைப் பிடித்தபோது மூச்சுத்திணறல் குறைந்தது. நம் பாட்டிகள் மேல்மூச்சு வாங்குகிறவருக்குப் பனையோலை விசிறியால் வீசியது பொருளுள்ள செயல்தான்.

எய்லர்ஸ்-டான்லோஸ் நோயில் ஆக்சிஜன் கொடுப்பதைப் பற்றிப் பேசினால் பிரான்ஸைச் சொல்லாமல் இருக்க முடியாது. அங்கே மறுவாழ்வு மருத்துவர் கிளோட் ஹாமோனே, இந்த நோயாளிகளுக்கு அழுத்த ஆடைகளோடு வீட்டு ஆக்சிஜனையும் சிகிச்சையாக முன்வைத்தார். சோர்வு குறைந்ததாகச் சொன்ன நோயாளிகள் உண்டு. அவர்கள் சொல்வதை நான் பொய் என்று நினைக்கவில்லை. ஆனால் மேலே சொன்னதுபோல அறைக் காற்றோடு ஒப்பிட்டுப் பார்க்காதவரை, பலன் தந்தது ஆக்சிஜனா, காற்றோட்டமா, இத்தனை வருடம் கழித்து ஒருவர் நம்பிக் கேட்டாரே என்ற தெம்பா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

98 மறைத்துவிடும் இடங்கள்

இதனால் 98 காட்டுகிறவருக்கு ஒன்றும் இல்லை என்று ஆகிவிடாது. அந்த எண், நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒருவரின் ஒரு நிமிடத்து எண். சோர்வின் காரணம் அவர் நடக்கும்போதோ, தூங்கும்போதோ, வெறுமனே எழுந்து நிற்கும்போதோ இருக்கலாம்.

முதலில் நடை. ஸ்கிளிரோடெர்மாவில் நுரையீரலில் தழும்பு விழுவது மிக முக்கியமான ஆபத்து. அந்த நோயில் உயிரிழப்புக்கு முதல் காரணங்கள் நுரையீரல் தழும்பும், நுரையீரல் ரத்தக்குழாய் அழுத்தமும்தான். தசை அழற்சி நோயான மயோசைட்டிஸ், கலப்பு இணைப்புத் திசு நோய், ஷோக்ரன் ஆகியவற்றிலும் தழும்பு வரும். தொடக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது 97, 98 இருக்கும். நடக்க ஆரம்பித்தால் 90, 86 என்று இறங்கும். அந்த ஆளை மருத்துவர் அறையில் உட்காரவைத்து மட்டும் பார்த்தால் எதுவும் தெரியாது. ஆறு நிமிடம் நடக்கவைத்துப் பார்க்க வேண்டும். அதற்கு விலை உயர்ந்த இயந்திரம் எதுவும் வேண்டாம். 30 மீட்டர் நீள வராந்தா, ஒரு கடிகாரம், ஒரு ஆக்ஸிமீட்டர், கூட நடக்க ஒரு செவிலியர் இருந்தால் போதும். இத்தனை எளிய சோதனை நம் ஊரில் இவ்வளவு குறைவாகச் செய்யப்படுவது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

கருவியையும் முழுக்க நம்பிவிடக் கூடாது. ஸ்கிளிரோடெர்மா உள்ளவர்களுக்குக் குளிரிலோ பதற்றத்திலோ விரல்கள் வெளுத்து நீலம் பாரிக்கும். ரேனாட்ஸ் என்பார்கள். விரல் நுனிக்கு ரத்தமே சரியாகப் போகாதபோது கருவி தப்பான எண்ணைக் காட்டும் அல்லது எண்ணே காட்டாது. இவர்களுக்குக் காது மடலிலோ நெற்றியிலோ ஒட்டும் சென்சார் நல்லது. நகப்பூச்சும் அளவைக் கெடுக்கும். தோல் நிறத்துக்கும் இதில் பங்கு இருக்கிறது. 2020-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டிய நோயாளிகளின் ரத்தத்தை எடுத்து நேரடியாகச் சோதித்தபோது, உண்மையில் 88-க்குக் கீழே இருந்தவர்கள் வெள்ளையர்களைவிடக் கறுப்பினத்தவரில் சுமார் மூன்று மடங்கு அதிகம். கறுத்த தோல் நிறைந்த நம் ஊரில், 93 என்று காட்டும் கருவியை வைத்து நிம்மதி அடைவதற்கு முன் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

அடுத்தது தூக்கம். எய்லர்ஸ்-டான்லோஸ் உள்ளவர்களுக்குத் தொண்டைத் திசு தளர்வாக இருப்பதால், உறங்கும்போது மூச்சுவழி ஒடுங்கி அடைபடுகிறது. 2017-இல் தோராக்ஸ் இதழில் வந்த ஆய்வில், இந்த நோயுள்ள 100 பேரில் 32 பேருக்குத் தூக்க மூச்சுத்தடை இருந்தது. நோய் இல்லாதவர்களில் அது 6 சதவீதம் மட்டுமே. மார்ஃபான் நோயிலும் இது அதிகம். குறட்டை விடுகிற குண்டு மனிதருக்குத்தான் இது வரும் என்ற எண்ணத்தால், ஒல்லியான இளம்பெண்ணுக்கு யாரும் தூக்கச் சோதனை எழுதுவதில்லை. இரவு முழுக்கச் சிறுசிறு விழிப்புகளால் தூக்கம் கிழிந்துபோகிறது. இவர்களுக்கு ஆக்சிஜன் கொடுத்தால் எண் உயரும், அடைப்பும் விழிப்பும் அப்படியே தொடரும். 2014-இல் வந்த ஹார்ட்பீட் என்ற ஆய்வு, மூச்சுவழியைத் திறந்து வைக்கும் சிபாப் கருவியையும் இரவு ஆக்சிஜனையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தது. சிபாப் கருவி ரத்த அழுத்தத்தைக் குறைத்தது. இரவு ஆக்சிஜன் குறைக்கவில்லை.

மூன்றாவது, எழுந்து நிற்பது. மூட்டுகள் அளவுக்கு மீறி வளையும் எய்லர்ஸ்-டான்லோஸ் வகையில் நிற்கும்போது வரும் தொந்தரவு நிறையப் பேருக்கு உண்டு. நின்றவுடன் ரத்தம் காலில் தேங்குகிறது. அதை ஈடுகட்ட இதயம் ஓடுகிறது. படுத்திருந்ததைவிட நின்ற பத்து நிமிடத்துக்குள் நாடித்துடிப்பு 30-க்கு மேல் கூடி, ரத்த அழுத்தம் பெரிதாக இறங்காமல், தலைசுற்றல், படபடப்பு போன்ற தொந்தரவுகள் மாதக்கணக்கில் தொடர்ந்தால் அதற்கு பாட்ஸ் என்று பெயர். பதின்வயதினருக்கு அந்த அளவு 40. இவர்களில் சிலர் நிற்கும்போது தம்மை அறியாமலே வேகமாக மூச்சு விடுவார்கள். கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறும். அது குறைந்தால் மூளையின் ரத்தக்குழாய்கள் சுருங்கும். ரத்தத்தில் ஆக்சிஜன் 99 இருக்க, மூளைக்குப் போகிற ரத்தமே குறைந்துவிடுகிறது. தலை மந்தம், பார்வை மங்கல், யோசிக்க முடியாமை எல்லாம் வரும். இங்கே சிலிண்டரால் செய்யக்கூடியது எதுவுமில்லை. மருத்துவர் சொல்லும் அளவில் தண்ணீரும் உப்பும், இடுப்பு வரை இறுக்கமான காலுறை, படுத்த நிலையில் தொடங்கும் உடற்பயிற்சி, தேவைப்பட்டால் மருந்து என்று வேறு வழியில் போக வேண்டும். சிறுநீரகம் பாதித்த லூபஸ் நோயாளி மட்டும் உப்பைத் தானாகக் கூட்டிவிடக் கூடாது.

இதைக் கண்டுபிடிப்பதும் வீட்டுக்கூடத்தில் முடிகிற காரியம்தான். பத்து நிமிடம் படுத்திருந்து நாடியைக் குறித்து, பிறகு பக்கத்தில் ஆள் இருக்க எழுந்து நின்று பத்து நிமிடம் வரை குறித்துக்கொண்டு போனால், மருத்துவரிடம் பேச ஆதாரம் கிடைத்துவிடும். தலை சுற்றினால் உடனே உட்கார்ந்துவிட வேண்டும்.

இரும்பு உருண்டையும் இன்றைய அறைகளும்

அழுத்தம் கூட்டிய காற்றால் எல்லா நோயையும் தீர்க்கலாம் என்ற ஆசைக்கு வயதாகிவிட்டது. அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் 1928-இல் ஆர்வல் கன்னிங்ஹாம் என்ற மருத்துவர், டிம்கன் என்ற தொழிலதிபரின் பணத்தில், ஐந்து மாடி உயரத்தில் ஒரு இரும்பு உருண்டையையே மருத்துவமனையாகக் கட்டினார். உள்ளே அறைகள், படுக்கைகள், உணவுக்கூடம் எல்லாம் அழுத்தக் காற்றில். சர்க்கரை நோய், புற்றுநோய் என்று பலவற்றுக்கும் அங்கே சிகிச்சை. அமெரிக்க மருத்துவச் சங்கம் ஆதாரம் கேட்டது, வரவில்லை. 1942-இல் அந்த உருண்டையைப் பழைய இரும்புக்காக உடைத்துவிட்டார்கள்.

அழுத்த ஆக்சிஜனுக்கு உண்மையான பலன் இருப்பதை டச்சு அறுவை மருத்துவர் பூரமா 1960-இல் காட்டினார். பன்றிகளின் ரத்தத்திலிருந்து ஹீமோகுளோபினை ஏறக்குறைய முழுதும் நீக்கிவிட்டு, மூன்று மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் சுத்த ஆக்சிஜனைக் கொடுத்து உயிரோடு வைத்திருந்தார். அந்த அழுத்தத்தில் 100 மி.லி. ரத்தத்தின் திரவத்திலேயே சுமார் 6 மி.லி. ஆக்சிஜன் கரைந்துவிடும். கடலடியில் மூழ்கி மேலே வந்தவருக்கு வரும் வாயுக்குமிழ் நோய், கார்பன் மோனாக்சைடு நச்சு, சில வகை ஆறாத சர்க்கரைப் புண், கதிர்வீச்சுச் சேதம் ஆகியவற்றுக்கு இந்த அறை இன்று ஏற்கப்பட்ட சிகிச்சை.

சோர்வுக்கு? 2015-இல் இஸ்ரேலில், உடம்பு முழுக்க வலிக்கும் ஃபைப்ரோமயால்ஜியா உள்ள 60 பெண்களுக்கு 40 அமர்வுகள் கொடுத்துப் பார்த்தார்கள். வலி குறைந்தது, வாழ்க்கைத் தரம் உயர்ந்தது என்று முடிவு வந்தது. ஆனால் ஒப்பீட்டுக்குப் போலி அமர்வு வைக்கவில்லை. பின்னர் 2022-இல் அதே நாட்டில், கொரோனாவுக்குப் பிந்தைய நீண்ட தொந்தரவு உள்ள 73 பேரிடம் போலி அமர்வோடு ஒப்பிட்டபோதும் சக்தி கூடியதாகத் தெரிந்தது. இவை கவனிக்கத்தக்க தொடக்கங்கள். ஆனால் இவை இணைப்புத் திசு நோயாளிகளிடம் செய்த ஆய்வுகள் அல்ல. அவர்களிடம் செய்து பார்க்காமலே பல பத்தாயிரம் ரூபாய்க்கு 40 அமர்வுகளை விற்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இந்த நோயாளிகளுக்கு இதில் தனி ஆபத்தும் இருக்கிறது. மார்ஃபான், ரத்தக்குழாய் வகை எய்லர்ஸ்-டான்லோஸ் இரண்டிலும் நுரையீரல் தானாகவே ஓட்டையாகி, நெஞ்சறையில் காற்று சேரும் அபாயம் உண்டு. கவனிக்கப்படாத அந்த நிலையில் அழுத்த அறைக்குள் போனால், அழுத்தம் குறையும்போது உள்ளே சிக்கிய காற்று விரிந்து உயிருக்கே உலை வைக்கும். காதுச் சவ்வும் எளிதில் பாதிக்கப்படலாம். தீ விபத்தும் நடக்காதது அல்ல. 2025 ஜனவரியில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு மையத்தின் அழுத்த அறையில் தீப்பற்றி ஐந்து வயதுச் சிறுவன் இறந்துபோனான். நெஞ்சு சி.டி. ஸ்கேன் பார்க்காமல், நோயின் வகையைக்கூடக் கேட்காமல் உள்ளே அனுப்பும் இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுவதே நல்லது.

அப்படியானால் சோர்வுக்கு என்னதான் செய்வது?

வாத நோய்களுக்கான ஐரோப்பியக் கூட்டமைப்பு யூலார், சோர்வுக்கென்றே 2023-இல் தனி வழிகாட்டுதல் வெளியிட்டது. ஒவ்வொரு முறையும் சோர்வைக் கேட்டுப் பதிவுசெய்ய வேண்டும், ஆளுக்கேற்ற உடற்பயிற்சியும் மன ஆதரவுப் பயிற்சியும் தர வேண்டும், நோயின் தீவிரத்தைக் கட்டுப்படுத்த வேண்டும் என்பவை அதன் சாரம். பிரிட்டனில் 360-க்கும் மேற்பட்டோரிடம் நடந்த லிஃப்ட் ஆய்வில், தொலைபேசி வழியே கொடுத்த உடற்பயிற்சி வழிகாட்டலும் மனப்பயிற்சியும் சோர்வைக் குறைத்தன. தொலைபேசியிலேயே முடிகிற சிகிச்சை என்பது தூரத்துக் கிராமத்திலிருந்து பஸ் மாறி மாறி வருகிறவருக்கு எவ்வளவு பெரிய விஷயம்! உழைத்த மறுநாள் படுக்கையில் விழுந்துவிடுகிறவர்கள் மட்டும் வேகத்தைக் கூட்டாமல், தாங்கும் அளவுக்குள் பிரித்துப் பிரித்துச் செய்ய வேண்டும். தைராய்டு, வைட்டமின் குறைகள், மனச்சோர்வு, ஸ்டீராய்டு மாத்திரையின் பக்கவிளைவு ஆகியவற்றையும் மருத்துவர் ஒருமுறை பார்த்துவிடுவது அவசியம்.

தேவைப்படுகிறவர் தள்ளிப்போடும் கதை

இதற்கு நேர் எதிரான துயரமும் நம் வீடுகளில் நடக்கிறது. உண்மையிலேயே ஆக்சிஜன் தேவைப்படும் ஸ்கிளிரோடெர்மா நோயாளி, "குழாய் மாட்டிட்டா கடைசி கட்டம்னு சொல்லுவாங்க" என்று பயந்து வேண்டாம் என்கிறார். பேத்தியின் காதுகுத்துக்கு மூக்கில் குழாயோடு போக வெட்கப்பட்டு, போகாமலே இருந்துவிடுகிறார். கொரோனா நாட்களில் ஆக்சிஜன் போட்ட எத்தனையோ பேர் வீடு திரும்பவில்லை என்ற நினைவு அவரை விடவில்லை.

ஓய்வில் இருக்கும்போதே தமனி ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் 55 மி.மீ. பாதரசமோ அதற்குக் கீழோ, அல்லது செறிவு 88-ஓ அதற்குக் கீழோ போனால் நாளுக்குக் குறைந்தது 15 மணி நேர ஆக்சிஜன் வேண்டும். இந்த அளவுகோல் 1980, 81-இல் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் சி.ஓ.பி.டி. என்ற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்களிடம் நடந்த இரு ஆய்வுகளிலிருந்து வந்தது. தழும்பு நோய்க்கும் அதையே பின்பற்றுகிறார்கள். ஓய்வில் சரியாக இருந்து, நடக்கும்போது மட்டும் 88-க்கோ அதற்குக் கீழோ இறங்குகிறவர்களுக்கு என்ன செய்வது என்பதை ஆம்பாக்ஸ் என்ற ஆய்வு பார்த்தது. 2018-இல் வெளிவந்தது, பிரிட்டனில் நுரையீரல் தழும்பு உள்ள 84 பேர். இரண்டு வாரம் நடக்கும்போது ஆக்சிஜன், இரண்டு வாரம் ஆக்சிஜன் இல்லாமல். ஆக்சிஜனோடு நடந்த நாட்களில் மூச்சுத்திணறல் குறைந்தது, வாழ்க்கைத் தரம் உயர்ந்தது. கொடுப்பது ஆக்சிஜன் என்று நோயாளிகளுக்குத் தெரியும் என்ற குறை இதில் உண்டு, ஆனாலும் பலன் கணிசம். கூடவே தழும்பு மேலும் பரவாமல் தடுக்கும் மருந்தும் தொடர வேண்டும்.

ஆக ஆக்சிஜனும் ஒரு மருந்துதான், அளவோடு எழுதப்பட வேண்டியது. 1940, 50-களில் குறைமாதக் குழந்தைகளுக்கு அளவில்லாமல் ஆக்சிஜன் கொடுத்ததில் ஆயிரக்கணக்கானோர் பார்வை இழந்த வரலாறு மருத்துவத்துக்கு இருக்கிறது. 2021-இல் வாங்கி மூலையில் வைத்த கான்சன்ட்ரேட்டரை அப்படியே எடுத்து மாட்டாதீர்கள். நல்ல நிலையில் இருந்தால் 90 சதவீதத்துக்கு மேல் தூய ஆக்சிஜன் தரும், உள்ளே இருக்கும் சல்லடைப் பொருளில் ஈரம் ஏறியிருந்தால் தராது. சர்வீஸ் ஆளைக் கூப்பிட்டுத் தூய்மையை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். குத்துவிளக்கு, ஊதுபத்தி, கேஸ் அடுப்பு இவற்றுக்குப் பக்கத்தில் குழாயோடு போகக் கூடாது. மூக்கு காய்ந்தால் வாசலின், தேங்காயெண்ணெய் தடவக் கூடாது, தண்ணீரில் கரையும் ஜெல் மருந்துக்கடையில் கிடைக்கும்.

அளவு எத்தனை லிட்டர் என்பதை உட்காரவைத்து மட்டும் முடிவுசெய்ய முடியாது. ஓய்வில் ஒரு லிட்டர் போதும் என்பவருக்கு நடக்கும்போது மூன்று, நான்கு தேவைப்படலாம். ஆக்சிஜனோடு மறுபடியும் நடக்கவைத்துத்தான் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். மருந்துச்சீட்டில் ஓய்வில் இவ்வளவு, நடக்கும்போது இவ்வளவு, தூங்கும்போது இவ்வளவு என்று மூன்று எண்கள் தனித்தனியாக இருக்க வேண்டும். ஒரே ஒரு எண் மட்டும் எழுதியிருந்தால், மற்ற இரண்டையும் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.